வெள்ளையாய்ப் பிறந்ததுக்கு வந்த வினை

பெரியவர் ஒருவர் வெள்ளைக் காகம் பறக்குது எண்டு சொன்னால், "ஓம் ஐயா, இப்பத்தான் நானும் கண்டனான்" எண்டு தலையாட்டுறவனைப் பற்றி எங்கடை ஆக்கள் பகிடியாகச் சொல்லுவினம். நடக்காத ஒன்றுக்கு ஆமாம் போடுவதற்கு அது உவமை. ஆனால் வெள்ளைக் காகம் உண்மையிலேயே இருக்கிறது. வெள்ளை ஆமை, வெள்ளைப் பாம்பு, வெள்ளைக் கொரில்லா எல்லாம் இருக்கின்றன. அப்படி ஒன்றின் படம் கைபேசிக்கு வந்தால் நாங்களும் "என்ன வடிவு" எண்டு சொல்லி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த வடிவுக்காக விலங்குகள் என்ன விலை கொடுத்தன என்பதை இரண்டு கதைகளில் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுப்பது மெலனின். அதை உருவாக்கும் பரம்பரையலகுகளில் ஒன்று பழுதானால் மெலனின் உருவாவதில்லை, அல்லது மிகக் குறைவாகவே உருவாகிறது. இதுதான் அல்பினிசம். பெரும்பாலும் இது பின்னிடைவான இயல்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. சாதாரண தரத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றிப் படித்தோமே, அதே கணக்குத்தான்.

1951 மே மாதம். மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் ஒரு தாய்ப்புலியும் குட்டிகளும் வேட்டையில் அகப்பட்டன. தாயும் மற்றக் குட்டிகளும் சுடப்பட்டன. ஒரு குட்டி மட்டும் வெள்ளை, அதனால் உயிரோடு பிடிக்கப்பட்டது. ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் அதற்கு மோகன் எண்டு பெயர் வைத்து, கோவிந்த்கர் அரண்மனையில் வளர்த்தார்.

மகாராஜாவுக்கு இன்னும் வெள்ளைக் குட்டிகள் வேண்டும். மோகனைப் பேகம் என்ற சாதாரண பெண்புலியோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் ஒன்றுகூட வெள்ளையில்லை. பிறகு அந்தக் குட்டிகளில் ஒன்றான ராதாவை அவளுடைய தகப்பன் மோகனோடேயே சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டிகள் பிறந்தன. நான்கும் வெள்ளை. உலகம் வியந்தது. அவற்றில் ஒன்றான மோகினி 1960இல் வாஷிங்டனுக்குப் போய், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஐசனோவர் முன்னால் காட்டப்பட்டாள். அங்கே அவளுக்குத் துணையாகக் கொடுக்கப்பட்ட புலி, தகப்பன் வழியில் அவளுக்குச் சகோதரன், தாய் வழியில் மாமன்! கதை இப்படியே தொடர்ந்தது.

இரண்டாவது கதை ஆபிரிக்காவில். 1966 ஒக்டோபரில், அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த எக்குவடோரியல் கினியில், ஒரு விவசாயி கொரில்லா ஒன்றைச் சுட்டார். செத்த தாயின் உடம்பைக் கட்டிப்பிடித்தபடி ஒரு வெள்ளைக் குட்டி கிடந்தது. அதை ஜோர்டி சபாத்தேர் பி என்ற விலங்கியலாளர் வாங்கிப் பார்சலோனாவுக்கு அனுப்பினார். 1967 மார்ச் மாத நஷனல் ஜியோகிரபிக் இதழின் அட்டையில் அந்தக் குட்டியின் முகம் வந்தது. 'பனித்துகள்' என்ற பொருள்படும் பெயரோடு அது நகரத்தின் அடையாளமாகவே மாறியது. 22 பிள்ளைகள் பிறந்தன. ஒன்றும் வெள்ளையில்லை.

மெலனின் இல்லாத தோலுக்கு வெயிலைத் தாங்கும் கவசம் இல்லை. பனித்துகளுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. பிழைக்காது என்ற செய்தி வெளியானதும் ஆயிரக்கணக்கானோர் மிருகக்காட்சிச்சாலைக்கு வந்து விடைகொடுத்தார்கள். 2003 நவம்பர் 24 அன்று அது இறந்தது.

இந்த இரண்டு கதைகளும் 2013இல் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே முடிவுகளை வெளியிட்டன. ஒன்று வெள்ளைப் புலியைப் பற்றியது, மற்றது பனித்துகளின் மரபணுத்தொகுதியைப் பற்றியது. இரண்டிலும் விகாரம் இருந்தது ஒரே பரம்பரையலகில், எஸ்.எல்.சி.45ஏ2 இல். புலியில் அது செம்மஞ்சள் நிறத்தை மட்டும் அழித்துக் கறுப்புக் கோடுகளை விட்டுவிட்டது. அதனால் வெள்ளைப் புலியை முழுமையான அல்பினோ எண்டு சொல்ல முடியாது. கொரில்லாவிலோ நிறமே இல்லாமல் போய்விட்டது. பனித்துகளின் பெற்றோர் மாமனும் மருமகளும் போன்ற நெருங்கிய உறவினர் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. கொரில்லாவில் அந்த உறவு காட்டில் தானாக நடந்தது. புலியில் அதை மனிதர்கள் கூண்டுக்குள் திட்டமிட்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். வெள்ளைப் புலிகளில் பலவற்றுக்கு மாறுகண். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் வழிமாறிப் போவதே காரணம், அது நிறத்தோடு கூடவே வருவது. நெருங்கிய இரத்த உறவுக்குள் பெருக்கியதால் அண்ணப்பிளவு, வளைந்த முள்ளந்தண்டு போன்ற குறைகளோடும் குட்டிகள் பிறந்தன. அவற்றை எந்தச் சுவரொட்டியிலும் நாங்கள் பார்த்ததில்லை.

"அருகிவரும் இனத்தைக் காப்பாற்றுகிறோம்" எண்டு சொல்லித்தான் பல இடங்களில் வெள்ளைப் புலியைக் காட்டினார்கள். வெள்ளைப் புலி தனி இனமே இல்லை. காட்டில் கடைசியாகக் கண்ட வெள்ளைப் புலியும் 1958இல் சுட்டுக் கொல்லப்பட்டதாகவே பதிவு. அதாவது ராதா கூண்டுக்குள் நான்கு குட்டிகளைப் போட்ட அதே ஆண்டு! 2011இல் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளின் சங்கம் தன் உறுப்பினர்கள் இனி வெள்ளைப் புலிகளைப் பெருக்கக் கூடாது எண்டு முடிவெடுத்தது. மோகன் பிடிபட்டு 60 வருடம் கழித்து.

மோகனும் பனித்துகளும் உயிர் தப்பியது வெள்ளையாக இருந்ததால்தான். கூண்டுக்குள் போனதும் அதனால்தான். செத்துப்போன தாய்கள் எங்கள் கண்ணுக்குப் படவேயில்லை, ஏனெண்டால் அவை சாதாரண நிறம். அடுத்த முறை ஒரு வெள்ளைக் காகத்தைக் கண்டால் நாங்கள் வியக்கலாம், அதில் பிழையில்லை. படமும் எடுக்கலாம். பிறகு அதைப் பறக்க விட்டுவிடுவோம், மற்றக் காகங்களைப் போல.