பழைய திருநெல்வேலி மாவட்டம்

இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் விருதுநகர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் ஒன்றாக இருந்த ஆட்சிப்பிரிவு, பழைய திருநெல்வேலி மாவட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி 1790-ல் இதை ஏற்படுத்தியது. 1801-ல் கர்நாடக நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது.

பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழ்ந்த மாவட்டம் இது. முத்துக்குளித்துறைக் கரையில் 1530-களிலேயே கத்தோலிக்கரான பரதவர்கள். காயல்பட்டினத்தில் கடல்வணிகம் செய்த முஸ்லிம்கள். மேற்கே நெற்கட்டும்செவல், ஊற்றுமலை முதலிய மறவர் பாளையங்கள். கிழக்கே தெலுங்கு பேசிய ராஜகம்பளத்தார் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும். மொழியை வைத்து இங்கே அணி பிரிந்ததாக நினைத்துவிடக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கம்பெனியை எதிர்த்து 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலேறினார். அதே இனத்தாரான எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனி பக்கம் நின்றார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்குக் கடைசியில் தோள்கொடுத்தவர்கள் சிவகங்கை மருது சகோதரர்கள்.

இந்தக் கலப்பை அன்றாட வாழ்வில் காணச் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, பனவடலிசத்திரம் வழியாகக் கோவில்பட்டி வரை விரியும் கரிசல் பூமிக்குத்தான் வர வேண்டும். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் மண். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரிக் காடு. கம்மவாரும் ரெட்டியார்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே சம்சாரிகள் (விவசாயிகள்). பாட்டியை ‘அவ்வா’ என்று கூப்பிட்டு வீட்டுக்குள் தெலுங்கு பேசும் பிள்ளை, வாசல் தாண்டினால் தமிழுக்கு மாறிவிடும். கடிதமும் கணக்கும் தமிழில்தான். இடைசெவலில் கம்மவார் குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன், தெலுங்கர்கள் தெற்கே குடிவந்த கதையைக் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலாக எழுதினார். கரிசல் பேச்சுத்தமிழுக்கு இலக்கியத்தில் உரிய இடம் வாங்கித் தந்தவரும் அவரே. இந்த மாவட்டத்தின் கலப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

1910-ல், இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் புதிய இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயின. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டை வந்து சேர்ந்தது. மொழியைக் காரணமாக வைத்து மாவட்ட எல்லை மாறியது அந்த ஒருமுறைதான். 1986-ல் தூத்துக்குடியும் 2019 நவம்பர் 22 அன்று தென்காசியும் நிர்வாக வசதிக்காகப் பிரிக்கப்பட்டன. சங்கரன்கோவில் வட்டாரம் தென்காசியோடு சேர்ந்தது. திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போய்க்கொண்டிருந்த பனவடலிசத்திரத்துக்காரர்கள் இப்போது தென்காசிக்குப் போகிறார்கள். மலையோரமும் கடற்கரையும் ஏறக்குறைய தனித்தனி மாவட்டங்களாகிவிட்டன. கரிசலுக்கு மட்டும் அந்த வாய்ப்பு அமையவில்லை. ஒரே மண்ணும் ஒரே வெள்ளாமையும் கொண்ட ஊர்கள் தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் என மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.