நல்லாறும் நாமும்



பாத்திரம் தட்டும் ஓசையால் பேர்பெற்ற நம் அனுப்பர்பாளையத்தை அடுத்த திருமுருகன்பூண்டி வழியே ஓடி நொய்யலில் கலக்கிறது நல்லாறு. பல மாதம் வறண்டு கிடப்பதால் அதை ஆறென்றே மறந்தவர் நம்மில் உண்டு.

2011-ஆம் ஆண்டு 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகள் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தன. அக்டோபரில் தேர்தல் முடிந்து புது மாமன்றம் பொறுப்பேற்றது. நாற்காலி சூடேறுமுன், நவம்பர் மழையில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் இரவோடு இரவாகப் பெருகிக் கரையோர வீடுகளை வாரிச்சென்றன; உயிர்கள் பல பலியாயின.

கரையில் குடியிருந்த ஏழைகளை ஆக்கிரமிப்பாளர் என்றார்கள். இருக்கலாம். ஆனால் பனியன் கம்பெனிகளுக்கு அவர்கள் உழைப்பு வேண்டியிருந்தது. படுக்க இடம் கொடுப்பாரில்லை. ஓடையைக் குறுக்கிய கட்டிடங்களும், வடிகாலில் நாம் கொட்டிய கழிவுத்துணியும் மட்டும் யார் கணக்கு?