காற்றுக்கு ஒரு வழி

1952 ஆம் ஆண்டிலே டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்கேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. பிளெக்டம் வைத்தியசாலையில் இரும்பு நுரையீரல் எனப்படும் சுவாச இயந்திரம் ஒன்றே இருந்தது. அவ்வகை இயந்திரம் மார்பை அசைத்ததேயன்றி, விழுங்கும் ஆற்றல் இழந்தோரின் தொண்டையில் தேங்கிய சளியை அகற்றவில்லை. மூச்சுத் தசைகள் செயலிழந்தோருட் பெரும்பாலோர் மாண்டனர்.

ஆகஸ்ட் 27 ஆந் திகதி, மயக்கமருந்து வைத்தியரான பியோர்ண் இப்சன் வேறு வழியை நாடினார். 12 வயதுச் சிறுமியொருத்தியின் கழுத்தில் மூச்சுக்குழலைத் திறந்து குழாய் பொருத்துவித்தார். சளியை உறிஞ்சி அகற்றி, றப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து இரவும் பகலும் நோயாளருக்குப் பை அழுத்தினர். நூற்றுக்கு 80 க்கு மேற்பட்டிருந்த இறப்பு ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தது.

நெடுநாட் செயற்கைச் சுவாசம் வேண்டுவோருக்கு வாய்வழிக் குழாயை நீடிப்பதா, கழுத்தைத் திறப்பதா என வைத்தியர் இன்றும் ஆராய்கின்றனர். காற்றைச் செலுத்துமுன் அதன் பாதையைக் காத்தல் வேண்டும் என்பதே அன்று கண்ட உண்மையாகும்.