திருமுழுக்கும் பிறர்ப்பணியும் கன்பூசியச் சூழலில்

திருமுழுக்கு அல்லது ஞானஸ்நானம் என்பது, தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் ஒருவரைத் திருச்சபையில் சேர்க்கும் கிறிஸ்தவச் சடங்கு. பாவம் நீங்குவதும் மறுபிறப்பும் அதன் முதன்மைப் பயன்களாகச் சொல்லப்படுகின்றன. பிறருக்குத் தொண்டு செய்யும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது என்ற புரிதலும் விவிலியக் காலத்திலிருந்தே உண்டு. இந்தப் புரிதல் கடுமையாக உரசிப் பார்க்கப்பட்ட இடம் 17ஆம் நூற்றாண்டுச் சீனா. அங்கே திருமுழுக்குப் பெற வந்த அறிஞர்கள் தொண்டைத் தலைக்கடனாகக் கொண்ட கன்பூசிய மரபில் ஊறியவர்கள். கிறிஸ்தவம்தான் அவர்களுக்குத் தொண்டைக் கற்றுக்கொடுத்தது என்று எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். யாருக்குத் தொண்டு, யாருக்கு முதலில் என்ற கேள்விகளில்தான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது.

விவிலியத்தில்

லூக்கா நற்செய்தியின்படி, யோர்தான் கரையில் திருமுழுக்குக்கு வந்த மக்கள் இனி என்ன செய்வது என்று யோவானைக் கேட்கிறார்கள். அவர் சொன்ன பதிலில் வழிபாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்கக்கூடாது. படைவீரர்கள் மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. அரியணைக்கு இருபுறமும் இடம் கேட்ட யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு தம் சாவையே ஒரு திருமுழுக்காகச் சொல்லி, அதைப் பெற அவர்களால் முடியுமா என்று கேட்கிறார். பெரியவராக விரும்புபவர் பணியாளராக வேண்டும் என்ற போதனை அதே உரையாடலின் முடிவில் வருகிறது.

தொடக்கத் திருச்சபை இதை வெறும் போதனையாக விட்டுவிடவில்லை. இப்போலித்து எழுதியதாகக் கருதப்பட்டுவந்த ‘திருத்தூதர் மரபு’ என்னும் நூலின்படி, திருமுழுக்குக்கு முன் ஆயத்தக்காரரின் நடத்தை விசாரிக்கப்பட்டது. கைம்பெண்களை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்ற கேள்விகளுக்கு அவரை அழைத்துவந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

கன்பூசிய மரபில்

கன்பூசியஸின் (கி.மு. 551–479) போதனையில் நடுநாயகமாக இருப்பது ரென் என்னும் மனிதநேயம். அது வீட்டில் தொடங்கிப் படிப்படியாக வெளியே பரவுவது. பெற்றோருக்குச் செய்வதும் வழிப்போக்கனுக்குச் செய்வதும் ஒன்றாக இருக்க முடியாது. எல்லோரையும் சமமாக நேசிக்கச் சொன்ன மோசியை, தந்தையை மறுப்பவர் என்று பிற்காலக் கன்பூசிய அறிஞர் மென்சியஸ் சாடினார். அதே மென்சியஸ், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் மனமும் பதறும் என்பதை மனித இயல்பு நல்லது என்பதற்குச் சான்றாகக் காட்டினார். அந்தக் குழந்தை யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

கன்பூசிய நூல்களிலும் தண்ணீர் உண்டு. ‘பெருங்கல்வி’ என்னும் நூல், ஷாங் வம்சத்து மன்னர் டாங்கின் குளியல் தொட்டியில் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்ததாகக் கூறி, அதை ஒட்டி மக்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுகிறது. இதைத் திருமுழுக்கோடு ஒப்பிடும் ஆசை யாருக்கும் எழும். ஆனால் டாங்கின் தொட்டி தினமும் தானே செய்துகொள்ளும் பயிற்சிக்கு அடையாளம். திருமுழுக்கோ ஒரே ஒருமுறை, இன்னொருவர் கையால் பெறுவது. யாரும் தனக்குத் தானே திருமுழுக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது. அமைப்பில் அதற்கு நெருக்கமானது, 20 வயது இளைஞருக்குத் தொப்பி அணிவித்து வேறொரு பெயர் சூட்டும் கன்பூசியச் சடங்குதான். பெரியவருக்குரிய பொறுப்புகளை அன்றே அவர் ஏற்கிறார்.

மிங் காலத்து அறிஞர்கள்

இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி 1582இல் மக்காவ் வந்து, 1601இல் பெய்ஜிங்கில் குடியேறினார். கன்பூசியத்தோடு மோதாமல் அதன் குறையை நிறைவு செய்வதாகக் கிறிஸ்தவத்தை முன்வைப்பது அவருடைய வழி. அவ்வழியில் வந்தவர்களில் சூ குவாங்சி (1562–1633), லி ழிட்சாவ், யாங் டிங்யுன் ஆகிய மூவரும் சீனத் திருச்சபையின் மூன்று தூண்கள் எனப்படுகின்றனர்.

ஷாங்காயில் பிறந்த சூ குவாங்சி 1603இல் நாஞ்சிங்கில் பவுல் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். மறு ஆண்டே பேரரசின் உயர்நிலைத் தேர்வில் தேறினார். யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு பகுதிகளை ரிச்சியோடு சேர்ந்து மொழிபெயர்த்து 1607இல் வெளியிட்டார். தந்தை இறந்த துக்கத்துக்காக ஊர் திரும்பியிருந்தபோது, பஞ்சத்துக்குத் தாங்கும் பயிர் என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயிரிட்டுப் பார்த்து அதைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் 1639இல் வெளிவந்த வேளாண்மைக் கலைக்களஞ்சியத்தின் 60 பகுதிகளில் கடைசி 18 பஞ்ச நிவாரணத்துக்கே உரியவை. விளைச்சல் பொய்த்தால் எந்தக் காட்டுச்செடியை எப்படிச் சமைத்து உயிர் பிழைப்பது என்பது வரை அதில் உண்டு. இதைத் திருமுழுக்கின் கனி என்று கொண்டாடுவது மிகை. மக்கள் பசியைப் போக்குவது ஒரு கன்பூசிய அதிகாரியின் இயல்பான கடமை. திருமுழுக்குப் பெறாவிட்டாலும் சூ அதைச் செய்திருப்பார்.

திருமுழுக்கு கேட்ட விலை வேறிடத்தில் இருந்தது. ஆண் வாரிசு இல்லாமல் போவது மூதாதையருக்குச் செய்யும் பெரும் துரோகம் என்று கருதப்பட்ட சமூகத்தில் துணைமனைவி வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு மனைவிக்கு மேல் வைத்திருப்பவருக்குத் திருமுழுக்கு இல்லை என்பதில் இயேசு சபையினர் அசையவில்லை. லி ழிட்சாவ் இதனாலேயே பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, 1610இல் பெய்ஜிங்கில் கடும் நோயில் கிடந்து ரிச்சி பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டபோதுதான் திருமுழுக்குப் பெற்றார். யாங் டிங்யுனின் மகன்கள் துணைமனைவிக்குப் பிறந்தவர்கள். தன்னைப் போன்ற அதிகாரியே விரும்பி வந்தும் ஒரு பெண்ணின் பொருட்டு மறுக்கிறார்களே என்று அவர் லியிடம் அலுத்துக்கொண்டார். மற்றவர்களிலிருந்து இயேசு சபையினரைப் பிரித்துக் காட்டுவதே இந்தக் கண்டிப்புதான் என்பது லியின் பதில். யாங் துணைமனைவியைத் தனியே குடிவைத்துவிட்டு, 1611இல் ஹாங்சோவில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிறர்ப்பணியைப் பேசும் வரலாற்றில் இது சின்ன ஓட்டை அல்ல.

மனிதநேயச் சங்கங்கள்

யாங் ஹாங்சோவில் மனிதநேயச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1590இல் யாங் டோங்மிங் என்ற அதிகாரி ஹெனான் மாநிலத்தில் நற்செயல் சங்கம் நிறுவியிருந்தார். 1614இல் கன்பூசிய அறிஞர் காவ் பான்லோங் ஊஷியில் அதே பெயரில் இன்னொன்றை அமைத்தார். இச்சங்கங்கள் பணம் திரட்டி ஏழைகளுக்குக் கொடுத்தன. அதே சமயம் பெற்றோரைப் பேணும் மகன், மறுமணம் செய்யாத கைம்பெண் போன்ற நன்னடத்தை உள்ளவர்களுக்கு முன்னுரிமை அளித்தன. உதவி அவர்கள் கையில் நன்னெறிக்குப் பரிசாகவும் இருந்தது.

ஷான்சியைச் சேர்ந்த கிறிஸ்தவரான வாங் செங் (1571–1644) 1634இல் தன் மனிதநேயச் சங்கத்துக்கு எழுதிய விதிகள் வேறு அடித்தளத்தில் நின்றன. பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடையற்றவருக்கு உடை, நோயாளிக்குப் பராமரிப்பு, வழிப்போக்கருக்குத் தங்குமிடம், சிறைப்பட்டவருக்கு மீட்பு, அநாதைப் பிணங்களுக்கு அடக்கம் என்று கத்தோலிக்கரின் ஏழு இரக்கச் செயல்களே அவற்றின் சட்டகம். வறட்சியும் கலகமும் வாட்டிய அன்றைய ஷான்சியில் இவை ஏட்டுச்சுரைக்காய் அல்ல. தன் குடும்பத்தைச் சேராத பிணத்தை எடுத்து அடக்கம் செய்வது, ஈமச்சடங்கை மகனின் கடமையாக வைத்திருந்த சமூகத்தில், முறை தெரியாத ஒருவருக்கு மகனாக நிற்பதற்குச் சமம். மென்சியஸ் பேசிய கிணற்றோரக் குழந்தையை இங்கே ஒரு கன்பூசியர் நினைவுகூர்ந்திருக்கலாம். மோசியை நினைத்துக் கோபப்பட்டும் இருக்கலாம். 1640 வாக்கில் வெளிவந்த கிறிஸ்தவ எதிர்ப்புத் தொகுப்பில் இரண்டாவது மனநிலையே ஓங்கி நிற்கிறது: விண்ணுலக ஆண்டவரைத் தந்தை என்பவர்கள் சொந்தத் தந்தையையும் அரசரையும் கீழே இறக்குகிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

வாங் செங்கின் வாழ்வு ஒரு வழியில் அடங்கவில்லை. திருமுழுக்குக்குப் பிறகும் மகன் வேண்டி இரகசியமாகத் துணைமனைவி கொண்டார். 1636இல் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்தபோது உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். இது கன்பூசிய விசுவாசத்தின் உச்சம். தற்கொலையைத் தடுக்கும் கிறிஸ்தவப் போதனைக்கு நேர்எதிர்.

பெண்களும் கீழ்ச்சாதியினரும்

சூ குவாங்சியின் பேத்தி கந்திதா சூ (1607–1680) எட்டுப் பிள்ளைகளின் தாய். 46 வயதில் கைம்பெண் ஆனவர். ஆண்களோடு பழகக் கட்டுப்பாடு இருந்த சூழலில், பூவேலைப்பாட்டில் வந்த பணத்தையும் சேர்த்துக் கோயில்களுக்கும் நூல் அச்சிடவும் கொடுத்தார். தெருவில் கதை சொல்லியும் குறி சொல்லியும் பிழைத்த பார்வையற்றவர்களுக்கு விவிலியக் கதைகளைக் கற்பித்து, அவற்றைச் சொல்லக் கூலி தந்தார். அவர் வாழ்க்கையைப் பிலிப் கூப்ளே எழுதி 1688இல் பிரெஞ்சில் வெளியிட்டார்.

கொரியாவில் கன்பூசிய அறிஞர்கள் மறைப்பணியாளர் எவரும் வராமலே, சீனத்திலிருந்து வந்த நூல்களைப் படித்துக் கிறிஸ்தவத்தை அறிந்தனர். யி சுங்ஹுன் பெய்ஜிங் சென்று 1784இல் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். கசாப்புத் தொழில் செய்த, தீண்டத்தகாத வகுப்பினரான ஹுவாங் இல்குவாங்கை அங்கிருந்த உயர்குடிக் கிறிஸ்தவர்கள் வீட்டுக்குள் அழைத்துச் சமமாக உட்காரவைத்தனர். தனக்கு இரண்டு மோட்சம் உண்டு, இவர்கள் நடத்தும் விதத்தில் ஒன்று இங்கேயே கிடைத்துவிட்டது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வாராம். 1802இல் அவர் தலை வெட்டப்பட்டது. 2014இல் சியோலில் திருத்தந்தை பிரான்சிஸ் அருளாளராக அறிவித்த 124 பேரில் அவரும் ஒருவர்.

சடங்குப் பூசல், புதுச்சேரி, தியான்ஜின்

மூதாதையர் வணக்கமும் கன்பூசியஸுக்குச் செய்யும் மரியாதையும் கிறிஸ்தவருக்குத் தகுமா என்ற பூசல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. திருத்தந்தையின் தூதர் துர்னோன் சீனா செல்லும் வழியில் புதுச்சேரியில் தங்கி, 1704இல் தமிழகத்து மறைப்பணியாளருக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். தமிழர் அருவருப்பர் என்று திருமுழுக்கில் விடப்பட்டிருந்த உமிழ்நீர், ஊதுதல் முதலிய சடங்குகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றது அது. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனம் அளிக்க மறுக்கக்கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. சீனப் பண்பாட்டுக்கு இசைவதும் இங்கே சாதிக்கு இசைவதும் ஒரே கொள்கையின் இரு முகங்கள் என்பதை அந்த ஆணை காட்டிக்கொடுத்தது. சீனச் சடங்குகளை 1742இல் ரோம் அடியோடு தடை செய்தது. 1939இல்தான் அந்தத் தடை பெருமளவு நீங்கியது.

தொண்டும் திருமுழுக்கும் தலைகீழாக உறவுகொண்ட இடங்களும் உண்டு. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதையே சீனத்தில் மறைப்பணியாளர் பலர் பெரும் தொண்டாக நினைத்தனர். தியான்ஜினில் பிரெஞ்சு அருட்சகோதரிகள் நடத்திய அநாதை இல்லம் குழந்தைகளைக் கொண்டுவருவோருக்குப் பணம் கொடுத்தது. உள்ளே குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. கண்ணைப் பிடுங்கி மருந்து செய்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. 1870 ஜூன் 21 அன்று, பிரெஞ்சுத் தூதர் ஃபோன்தனியே துப்பாக்கியால் சுட்டதைத் தொடர்ந்து திரண்ட கூட்டம் அவரையும் 10 அருட்சகோதரிகளையும் பல சீனக் கிறிஸ்தவர்களையும் கொன்றது.

20ஆம் நூற்றாண்டில், திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உலகில் பணியாற்றும் பங்கு உண்டு என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் ஆண்டுத் திருச்சபை ஏடு வலியுறுத்தியது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982ஆம் ஆண்டு லிமா ஆவணம் திருமுழுக்கின் அறநெறிக் கடமைகளைப் பற்றிப் பேசியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, ஷாங்காயில் சூ குவாங்சியின் குடும்பத்து நிலம் இருந்த சூஜியாஹுய் பகுதிக்கு 1847இல் இயேசு சபையினர் திரும்பி வந்தனர். அங்கே துஷான்வான் அநாதை இல்லத்துச் சிறுவர்கள் மரவேலை, அச்சு, ஓவியம் ஆகியவற்றைக் கற்றார்கள். அவர்கள் செதுக்கிய மரத்தோரணவாயில் 1915 சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது.