மூணுல அரை போனா ரெண்டரை

வீட்டுலயே எல்.ஈ.டி. விளக்கு செய்யுறவங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். எம்3 திருகு போட 2.5 மி.மீ. ஓட்டை. எம்4 திருகுக்கு 3.3. திருகோட விட்டத்துல இருந்து, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தைக் கழிச்சா ட்ரில் பிட் அளவு வந்துடும். அம்புட்டுதான்.

பவர் எல்.ஈ.டி.க்குள்ள போற மின்சாரத்துல கணிசமான பங்கு சூடாத்தான் மாறுது. அதை இழுத்து வெளியே விட அலுமினிய ஹீட்சிங்க். எல்.ஈ.டி. அதுமேல அழுந்தி உட்காரணும்னா மரை ஓட்டை வேணும். சென்டர் பஞ்ச்சால ஒரு புள்ளி, அப்புறம் ட்ரில், கடைசியா டேப். அலுமினியம் வெட்டுறதுக்கு லேசுதான், ஆனா வெட்டுற முனையிலேயே ஒட்டிக்கும். அதனால ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. அவசரப்பட்டா டேப் உள்ளேயே முறிஞ்சு உட்கார்ந்துக்கும். அப்புறம் அந்த ஹீட்சிங்க் காயலான் கடைக்குத்தான் :-)

எந்தக் கடையில டேப் வாங்கினாலும், எந்தக் கடையில திருகு வாங்கினாலும் ரெண்டும் சேருதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். 1800 வாக்குல அப்படி இல்லை. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. போல்ட்டைக் கழட்டினா அதோட நட்டை அதுகூடவே கட்டி வைக்கணும், மாத்திப் போட்டா ஏறாது. லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டுற லேத்தை உருப்படியா செஞ்ச பிறகுதான் ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்டவே முடிஞ்சது.

அவர் பட்டறையில வேலை பார்த்தவர் ஜோசப் விட்வர்த். அவர் செஞ்ச வேலை ரொம்ப எளிமையானது, அதனாலயே எனக்குப் பிடிச்சது. இங்கிலாந்துல பல பட்டறைகள்லேர்ந்து போல்ட்டுகளைச் சேகரிச்சு, அளந்து, சராசரி எடுத்தார். 1841ல அதைப் பொதுத் தரமா வைக்கலாம்னு முன்வைச்சார். மரையோட கோணம் 55 டிகிரி, உச்சியும் பள்ளமும் உருண்டை. யாரோட மரையும் ஜெயிக்கலை, யாரும் முழுசா தோக்கலை. ரயில் கம்பெனிகள் ஏத்துக்கிச்சு.

அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ் 1864ல அதை மறுத்தார். 55 டிகிரியை அளக்குறது கஷ்டம், உருண்டை முனையை செதுக்குறது அதைவிடக் கஷ்டம். 60 டிகிரி வைங்க, முனையைத் தட்டையா விடுங்க, சாதாரணத் தொழிலாளியே செஞ்சுடுவான்னார். நியாயமான பேச்சு. ஆனா அரை அங்குல போல்ட்டுல விட்வர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, செல்லர்ஸுக்கு 13. ஒரே ஒரு மரை வித்தியாசம், அதோட உறவு முறிஞ்சுது.

1898ல சூரிச்ல கூடின மாநாடு மெட்ரிக் மரைக்கும் 60 டிகிரியையே எடுத்துக்கிச்சு. நம்ம எம்3 அந்த வம்சம்தான்.

மரை சேராட்டி என்ன ஆயிடப் போகுதுன்னு கேக்கலாம். 1904 பிப்ரவரியில அமெரிக்காவின் பால்டிமோர்ல தீ. வாஷிங்டன்லேர்ந்தும் பிற ஊர்கள்லேர்ந்தும் தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்துச்சு. ஆளு இருக்கு, தண்ணி இருக்கு, ஆனா பல குழாய்களோட மரை அந்த ஊர் தண்ணிக் குழாய்ல ஏறவே இல்லை. 1,500க்கு மேல கட்டடங்கள் போச்சு. அதுக்கப்புறமும் பிரிட்டன் 55, அமெரிக்கா 60ன்னே ரெண்டாம் உலகப் போர் வரைக்கும் இழுத்தாங்க. ஒரே பக்கம் நின்னு சண்டை போடுற ரெண்டு படையோட போல்ட்டும் ஒண்ணுக்கொண்ணு சேரலை. 1948ல கனடாவையும் சேர்த்துக்கிட்டு மூணு நாடும் 60 டிகிரிக்குக் கையெழுத்துப் போட்டுச்சு.

விட்வர்த் முழுசா போயிடலை. கேமரா ட்ரைபாட்ல இருக்குற கால் அங்குலத் திருகைப் பாருங்க. அங்குலத்துக்கு 20 மரை. அந்த அளவுல விட்வர்த்தும் செல்லர்ஸும் சொன்ன எண்ணிக்கை ஒண்ணு. விளக்கை ட்ரைபாட்ல மாட்டணும்னா ஹீட்சிங்க்ல அதுக்கும் ஒரு ஓட்டை போடணும், 5.1 மி.மீ. ட்ரில்.