பூனைக்காலி விதையும் நடுக்குவாத மருந்தும்

1863-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரே மஸ்ஜித் இந்தியா என்னும் இவ்வட்டாரத்திற்கு நிலைத்துவிட்டது. இங்கே துணிக்கும் பூமாலைக்கும் நடுவே நாட்டு மருந்துக்கும் என்றும் ஓர் இடம் உண்டு. சுக்கு, திப்பிலி, அதிமதுரம் வாங்கிய தலைமுறையினருக்குப் பூனைக்காலி விதையும் புதிதன்று. சித்த, ஆயுர்வேத மரபுகளில் உடல் வலிவுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் பேசப்படும் விதை அது. கை நடுங்கும் முதியவரைக் காணும்போது அவ்விதையைப் பரிந்துரைக்கும் உறவினர் நம் குடும்பங்களில் இன்றும் உள்ளனர்.

மருத்துவமனை தரும் மாத்திரைக்கும் இவ்விதைக்கும் தொடர்பு உண்டா? உண்டென்றால் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்கலாமா? முதல் வினாவுக்கு வரலாறு தெளிவாக விடை கூறுகிறது. இரண்டாம் வினாவுக்கான விடையும் அவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. ஆகவே அதனை முறையாகக் காண்போம்.

பெயரில் தொடங்கிய பிழை

1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்கு அவர் இட்ட பெயர் ‘நடுங்கும் வாதம்’ எனப் பொருள்படுவது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ அப்பெயரை ஏற்க மறுத்தார். நோயாளர் எல்லாருக்கும் நடுக்கம் இல்லை. அவர்களின் தசை வலுவிழந்து போவதும் இல்லை என்பது அவர் கண்டது. எனவே, முதலில் விவரித்தவரின் பெயராலேயே நோயை அழைக்கலாம் என்றார்.

நம் மொழியிலோ ‘நடுக்குவாதம்’ என்பதே வழக்கில் நின்றது. இது சொல்லளவில் முடியும் செய்தியன்று. இந்நோயின் மையம் நடுக்கமன்று. அசைவு மெலிந்து மந்தமாதலே ஆகும். எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். நடக்கையில் ஒரு கை வீசாது. முகம் உணர்ச்சி காட்டாது. சட்டைப் பொத்தானை மாட்ட நெடுநேரம் பிடிக்கும். நடுக்கம் இல்லையே என்று இவற்றை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவோர் பலர். பெயர் சுட்டாத குறிகள் கண்ணிலும் படாமற் போகின்றன.

சென்னையில் ஒரு விதை

1913-இல் சுவிட்சர்லாந்து வேதியலாளர் மார்க்குஸ் குக்கன்ஹைம் ஒருவகை அவரை விதையிலிருந்து ‘எல்-டோப்பா’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதில் 2.5 கிராமைத் தாமே உட்கொண்டு கடுமையாக வாந்தி எடுத்தார். அதன் பயன் அன்று எவர்க்கும் விளங்கவில்லை.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். அவர்கள் நடுக்குவாதத்திற்கு மருந்து தேடவில்லை. விதையில் உள்ள பொருள் யாது என்பதே அவர்களின் ஆய்வு. பிற்கால அளவீடுகளின்படி அவ்விதையின் எடையில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு எல்-டோப்பா ஆகும்.

இன்னொரு மூலிகையின் பங்கு

வரலாற்றின் அடுத்த படியிலும் ஓர் இந்திய மூலிகை வருகிறது. சர்ப்பகந்தா வேரை இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் பயன்படுத்தலாம் என்று 1931-இல் கல்கத்தாவின் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உட்கொண்ட சிலர் நடுக்குவாத நோயாளரைப் போலவே மந்தமடைந்தனர்.

1957-இல் சுவீடனின் அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுச் சாய்ந்தன. பின்னர் டோப்பாவைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைந்ததால் அசைவு நின்றது. டோப்பா மூளைக்குள் சென்று டோபமினாக மாறியதால் அசைவு மீண்டது. இதற்கான நோபல் பரிசு 2000-ஆம் ஆண்டில்தான் அவருக்குக் கிடைத்தது.

1960-இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகிவிச்சும் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, அசைவை நெறிப்படுத்தும் பகுதியில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டனர். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதியின் உயிரணுக்களே டோபமினை ஆக்கி அங்கு அனுப்புகின்றன; இந்நோயில் அவை அழிகின்றன. 1961-இல் ஹோர்னிகிவிச்சும் மருத்துவர் பிர்க்மாயரும் நோயாளர்க்கு எல்-டோப்பாவை ஊசி வழியே செலுத்தினர். படுக்கையில் கிடந்தோர் சிறிது நேரம் எழுந்து நடந்தனர்.

மருந்து வேலை செய்யும் விதம்

டோபமின்தான் குறை என்றால், அதையே கொடுத்தால் ஆகாதா? ஆகாது. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே ஒரு காப்பரண் உள்ளது. டோபமின் அதனைக் கடவாது. எல்-டோப்பாவோ ஓர் அமினோ அமிலம். உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்கள் நுழையும் வாயில் வழியே அதுவும் நுழையும்.

இங்கே இரண்டு இடையூறுகள் எழுந்தன. முதலாவது, உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே உடலின் பிற பகுதிகளில் டோபமினாக மாறிவிடும். குக்கன்ஹைமின் வாந்திக்குக் காரணம் அதுவே. 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்தி, நாளொன்றுக்குப் பல கிராம் அளவு வரை வாய்வழியே கொடுத்து வெற்றி கண்டார். பின்னர் கார்பிடோப்பா, பென்செராசைடு ஆகிய துணை மருந்துகள் வந்தன. இவை மூளைக்கு வெளியே நிகழும் மாற்றத்தைத் தடுப்பன. தாம் மூளைக்குள் செல்லாதன. இவற்றைச் சேர்த்ததும் தேவைப்பட்ட எல்-டோப்பாவின் அளவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இன்று தரப்படும் மாத்திரை இந்தக் கூட்டே ஆகும்.

இரண்டாவது இடையூறு நம் உணவு மேசையில் உள்ளது. வாயில் ஒன்றே ஆதலால், இறைச்சி, பருப்பு, பால் ஆகியவற்றின் புரதமும் மருந்தும் அங்கே நெருக்குகின்றன. மாத்திரையை உணவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பாக எடுக்கச் சொல்வது இதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையும் எல்-டோப்பா உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும்.

இம்மருந்து இழந்ததை ஈடு செய்கிறதேயன்றி, உயிரணுக்கள் அழிவதை நிறுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு வேளை மருந்தின் பயன் அடுத்த வேளைக்கு முன்பே தேயும். சிலருக்குக் கை கால்கள் தாமாகவே நெளியும் அசைவுகள் தோன்றும். அப்போது அளவையும் நேரத்தையும் மருத்துவர் நுணுக்கமாக மாற்றியமைக்க வேண்டும்.

விதையா, மாத்திரையா?

இனி நாம் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு வருவோம். 2004-இல் இலண்டனில் எட்டு நோயாளரிடம் நிகழ்ந்த ஆய்வில், 30 கிராம் பூனைக்காலிப் பொடி மாத்திரையைவிட விரைவாகவும் நீண்ட நேரமும் வேலை செய்தது. இதனைச் சொல்லி மகிழ்வோர் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பொடியில் எல்-டோப்பா ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். மாத்திரையில் 200 மட்டுமே. விதையில் துணை மருந்து இல்லாததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மேலும், அது அளவிட்டுத் தயாரித்த பொடி. கடையில் வாங்கும் விதையில் எவ்வளவு உள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது.

ஆகவே, விதை ஒரு வெறும் நம்பிக்கை என்று தள்ளுவது தவறு. அதில் உள்ளது மருந்தேதான். மருந்தாதலால்தான் அஞ்சவும் வேண்டும். மாத்திரையோடு மறைவாகச் சேர்த்தால் அளவு மீறி மயக்கமும், மனத்தோற்றங்களும், தன்னிச்சை அசைவுகளும் வரலாம். விதையை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் உண்டாகி உயிருக்கே கேடு நேரலாம். இந்நாட்டில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கி ‘டி’ என முடியும் எண் இருக்கும். அதனைப் பார்த்து வாங்குவதோடு, வாங்கியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுதலும் வேண்டும்.

முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்பதும், ஒன்றும் அறிந்திலர் என்பதும் இவ்வரலாற்றோடு பொருந்தா. விதையின் பயனை மரபு பேணிக் காத்தது. அதனுள் இருப்பதைச் சென்னை ஆய்வகம் கண்டது. அது ஏன் வேலை செய்கிறது என்பதை சுவீடனும் வியன்னாவும் விளக்கின. அளவும் துணை மருந்தும் பின்னர் வந்தன.

மொழிப் பணியில் ஈடுபட்டோர்க்கு ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. ‘நடுக்குவாதம்’ என்னும் சொல்லை இனி நீக்க இயலாது, நீக்கவும் வேண்டா. ஆயின் நம் இதழ்களிலும் வானொலியிலும் அச்சொல் வருமிடமெல்லாம், ‘நடுக்கமின்றியும் வரும்’ என்னும் இரு சொற்களைச் சேர்த்து வழங்குவோம். எழுத்துச் சிறுத்து, நடை தளர்ந்த ஒரு முதியவரை உரிய காலத்தில் மருத்துவரிடம் கொண்டு சேர்க்க அவ்விரு சொற்கள் உதவும்.