தூக்கத்துக்கும் வளர்த்திக்கும் ஒரே பாட்டில்

நம் வயதுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போவதென்றால் நாலு சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும்தான். சேலத்தில் பஸ் ஏறி அடிவாரத்துக்கு வருகிற விருந்தாளிகூட, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் அதைத்தான் வாங்கிவருவார். காலியான பாட்டில் பிறகு கடுகு, சீரகத்துக்கு ஆகும். இந்தப் பொடிக்கு மருந்துக்குச் சமமான மரியாதை எப்படி வந்தது?

ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்ற சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய் 1873இல் தொடங்கிய தொழில் இது. கோதுமையும் முளைகட்டிய பார்லியும் சேர்ந்த உணவு. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் ஏற்றது என்று விற்றார்கள். 1883இல், பாலையும் சேர்த்துக் காயவைத்துப் பொடியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கெடாத பால் என்பது சின்ன விஷயமா? துருவப் பயணம் போனவர்களும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். இதுவரை குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

1930களில் இங்கிலாந்தில் விற்பனையைப் பெருக்க ஒரு நோயையே கண்டுபிடித்தார்கள். பெயர் ‘இரவுப் பட்டினி’. ராத்திரி தூங்கும்போது உடம்பு பட்டினி கிடக்கிறதாம், அதனால்தான் காலையில் அலுப்பாம்; படுக்கப்போகும் முன் ஒரு கோப்பை குடித்தால் சரியாகிவிடுமாம். எந்த வைத்திய நூலிலும் இல்லாத நோய், விளம்பரக்காரர் மேஜையில் பிறந்தது.

நம் நாட்டுக்கு இந்தப் பொடி முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களோடு வந்தது என்பார்கள். பிறகு பஞ்சாபில் நாபாவில் ஆலையே வந்தது. அங்கே தூக்கத்துக்கு விற்றது, இங்கே காய்ச்சல்காரருக்கு ஆனது; டி.வி. வந்தபிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆனது. உயரமாக வளரும், பலமாக வளரும், புத்தி கூராகும் என்றார்கள். பக்குவம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்தான். ஆனாலும் அங்கே தூங்கவைப்பது இங்கே பரீட்சைக்கு எழுப்பிவிடுகிறது என்றால் சிரிப்பு வராதா?

2008இல் வங்கதேசத்துக்காக எடுத்த அந்த ‘உயரம், பலம், கூர்மை’ விளம்பரம், ஒரு நேபாளி சேனல் வழியாக பிரிட்டனில் ஒளிபரப்பாகிவிட்டது. அந்த ஊர் விளம்பரத் தர அமைப்பு, இதை மறுபடி காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கே நாம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே கேள்வி வந்தது 2023இல். போர்ன்விட்டாவில் சர்க்கரை அதிகம் என்று ரேவந்த் ஹிமத்சிங்கா ஒரு வீடியோ போட்டார். கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்ததும் எடுத்துவிட்டார். ஆனால் விஷயம் அடங்கவில்லை. குழந்தைகள் உரிமை ஆணையம் விசாரித்தது. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மத்திய வணிக அமைச்சகமும், இந்த வகைப் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லின. காரணம்தான் வேடிக்கை: 2006ஆம் வருடத்து உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒன்றுக்கு விளக்கமே கிடையாது. அதே மாதம் ஹார்லிக்ஸும் அந்தப் பெயரை விட்டு, ‘செயல்பாட்டு ஊட்டச்சத்து பானம்’ என்கிற மாதிரி வாயில் நுழையாத ஒரு பெயருக்கு மாறியது.

என் வருத்தம் வேறு. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. கால்சியத்துக்கு என்று டப்பாப் பொடியைக் கரைத்துக் கொடுத்த அதே வீடுகளில் ராகிக் களி ‘இல்லாதவங்க சோறு’ ஆகிவிட்டது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் கால்சியம் இருக்கிறது. எந்த டி.வி.யும் அதைச் சொல்லவில்லை. களிக்கு ஏது விளம்பரம்!

இப்போது அதே ராகி சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட்டாகத் திரும்பி வந்திருக்கிறது, கதிர் படம் போட்ட பளபளப்பு உறையில். எது எடையில் அதிகமோ அதைப் பட்டியலில் முதலில் எழுதவேண்டும் என்பது சட்டம். சில பாக்கெட்டுகளில் கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில் எல்லாம் கடந்துதான் ராகி வருகிறது. எழுத்து அவ்வளவு பொடி. நான் பேத்தியைத்தான் படிக்கச் சொல்கிறேன்.